வாழைப்பழம் எந்த வரிசையில்?

ஒரு காட்டில், செல்போன் கோபுரத்துக்குப் பக்கத்தில், மாசாணம் என்ற கரடி மளிகைக் கடை வைத்திருந்தது. உப்பு வாசலிலேயே இருக்கும். வாழைத்தார் தலைக்கு மேலே தொங்கும். வந்தவர்கள் வேண்டியதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

"அதுதான் அண்ணாச்சி தப்பு," என்றது நகரத்தில் வியாபாரம் படித்துவிட்டு வந்த கீரி சுகுமார். "தேடினதும் கிடைச்சுட்டா யார் கடைக்குள்ள நிப்பாங்க? வேணுங்கறதை ஒளிச்சு வைங்க. வேண்டாததைக் கண்ணுக்கு நேரா வைங்க."

கரடிக்கு இது பெரிய ஞானமாகப் பட்டது. ஒரே வாரத்தில் உப்பு, குடைகளுக்குப் பின்னால் போனது. அரிசி, 'இல்லற இன்பம்' என்ற பலகைக்குக் கீழே போனது. வாழைப்பழம் எங்கே போனதென்று கரடிக்கே மறந்துவிட்டது. உப்பு வாங்க வந்தவர்கள் கொசுவலையோடு திரும்பினார்கள். கரடி பூரித்துப்போனது.

ஒரு மதியம் மீன் தின்றுகொண்டிருந்தபோது அதன் தொண்டையில் முள் சிக்கியது. மூச்சு முட்டியது, கண் பிதுங்கியது. ஒரு வாழைப்பழத்தை விழுங்கினால் முள் இறங்கிவிடும். கரடி கடைக்குள் ஓடியது. வாசலில் வேலைக்கு நின்ற ஆமை மறித்தது.

"கூடை எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணாச்சி. நீங்க போட்ட விதிதான்."

வாதாடக் குரல் வரவில்லை. கூடையோடு ஓடியது. செருப்பு வரிசை, பொம்மை வரிசை, மறுபடியும் செருப்பு வரிசை. 'நம்ம கடையிலேயே வழி தெரியாம சாகப்போறோமே' என்று அதற்கு அழுகை வந்தது. கடைசியில் கால் மடங்கி ஒரு மூலையில் விழுந்தது.

அந்த மூலையில் குரங்கு பவுனம்மா உட்கார்ந்திருந்தது. காலையில் தலைவாரும் சீப்பு வாங்க வந்து, வெளியே போகும் வழி தெரியாமல், பசிக்குப் பழம் உரித்துக்கொண்டிருந்தது. கரடியின் கண்ணைப் பார்த்ததும் பதறிப்போய் ஒரு முழுப் பழத்தை அதன் வாயில் திணித்தது. முள் இறங்கியது.

"நல்லவேளை, பிழைச்சீங்க! இனிமேலாவது பழத்தை வாசல்ல தொங்க விடுங்க அண்ணாச்சி."

கரடி கூடையையே பார்த்தது. உள்ளே ஒரு ஜோடி செருப்பு, ஒரு ஊதல், இரண்டு சோப்பு டப்பா, ஆமைகளுக்கான முதுகுத் தைலம். எப்போது எடுத்துப் போட்டதென்றே அதற்கு நினைவில்லை.

"உயிர் போற நேரத்துல நானே இவ்வளவு எடுத்திருக்கேன்," என்றது கண் கலங்க. "சும்மா வர்றவங்க எவ்வளவு எடுப்பாங்க!"

மறுநாள் வாழைத்தார் மாடிக்கு ஏறியது. மாடிப்படியின் இருபுறமும் சாமான் அடுக்கினார்கள். கடைக்குள் பழம் தின்ற குற்றத்துக்காகப் பவுனம்மா உள்ளே நுழையத் தடை போட்டார்கள்.

நீதி: ஆபத்தில் ஓடிவருபவனுக்கு வழி காட்டாதே, வழியெல்லாம் சாமான் அடுக்கு.