எலுமிச்சை அண்ணாச்சி கடையில் சொல்லக்கூடாத சொல்

ஒரே ஒரு சொல்லுக்காகத் தன் வியாபாரத்தையே கெடுத்துக்கொண்ட மனிதர் அருப்புக்கோட்டையில் எலுமிச்சை அண்ணாச்சி ஒருவர்தான். பஜாரில் நாட்டு மருந்துக் கடை. யாராவது வாய் தவறிப் 'பைத்தியம்' என்றால் போச்சு. கல்லாவை விட்டு எழுந்து, கூடையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, சொன்னவர் கையில் திணிப்பார்.

"மொதல்ல ஒன் தலையில தேயி. அப்புறம் சாமான் வாங்கு."

புத்தி தடுமாறியவர் தலையில் பழம் தேய்ப்பதுதான் ஊர் வழக்கம். இவர் சொன்னவனுக்குத் தேய்க்கச் சொல்வார். ஏன் என்று கேட்டுவிட்டால் அந்தச் சொல்லின் பூர்வீகமே வரும்.

"பித்தத்துல இருந்து வந்த பேருய்யா அது. பித்தம் எல்லாத்துக்கும் இருக்கு. ஏறும், எறங்கும். அதப் போயி ஒருத்தருக்குப் பேரா வச்சுட்டா எறங்குமாய்யா?"

பந்தல்குடி லாரி டிரைவர் ஒருவர், "இந்தாளுதான் பைத்தியம்" என்று சொல்லிவிட்டு இரண்டு பழத்தோடு போனார். ஒன்று அவர் சொன்னதற்கு, இன்னொன்று கிளீனர் சிரித்ததற்கு.

நாங்களும் சிரித்தவர்கள்தான், அந்தச் சொல் எங்கள் வீட்டுக்கு வரும்வரை. எம்.ரெட்டியபட்டியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தபின் தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள். அவள் மாமியாரை நாங்கள் அத்தை என்போம். அத்தை தினமும் அவளுக்குப் பழம் தேய்த்துப் பார்த்துச் சலித்து, ஒருநாள் ஷேர் ஆட்டோவில் அழைத்து வந்துவிட்டார். ஆட்டோவை அண்ணாச்சி கடையில் நிறுத்தியதைப் பார்த்து நான் ஓடினேன்.

"அண்ணாச்சி, பைத்தியத்துக்கு எண்ணெ இருக்கா? இல்லைன்னா இவள ஆத்தா வீட்டுலயே விட்டுட்டுப் போறேன்" என்று அத்தை கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை கையில் பழத்தைத் திணித்தால் அக்காவின் வாழ்க்கை அன்றோடு சரி. அண்ணாச்சி பழத்தை எடுத்தார். எடுத்தவர் அதை இரண்டாக நறுக்கி, பிழிந்து, உப்புப் போட்டு, ஒரு தம்ளரை அக்காவுக்கும் ஒன்றை அத்தைக்கும் நீட்டினார்.

"வெயில்ல வந்திருக்கீக, குடிங்க. பேரப்பிள்ளையப் பறிகொடுத்தது நீங்களுந்தான தாயி? ஒங்களுக்கும் ஏறித்தான் இருக்கும்."

அத்தை தம்ளரைப் பிடித்தபடி ஓவென்று அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

"தேச்சது போதும். இதுக்கு என்ட்ட எண்ணெ இல்ல. பெரியாஸ்பத்திரியில இதுக்குன்னே டாக்டர் இருக்காக. நானும் வாரேன்" என்று பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு பஸ் ஏறினார் அந்த மனிதர். மாத்திரை, மாதக்கணக்கில் அலைச்சல், அத்தையின் அதட்டல். அக்கா தேறிவிட்டாள்.

அண்ணாச்சிக்கு இப்போது ஞாபகம் தப்பிவிட்டது. கடையை மகன் பார்க்கிறார். இவர் வாசலில் உட்கார்ந்து, "எங்கடை எங்கய்யா இருக்கு?" என்று போகிறவர் வருகிறவரைக் கேட்கிறார். போன வாரம் நாங்கள் மூவரும் அங்கே நின்றபோது, சுக்கு வாங்க வந்த ஒருவன் முணுமுணுத்தான்: "பைத்தியம்."

அக்கா திரும்புவதற்குள் அத்தை கூடையில் கைவிட்டு, பழத்தை அவன் கையில் திணித்துவிட்டார்.

"மொதல்ல ஒன் தலையில தேயிடா!"

அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். "நல்லாச் சொன்னீக தாயி. நீங்க யாரு வீடு?"

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க வீடுதான் அண்ணாச்சி."