ஒரே ஒரு போட்டியாளர்

"அடுத்த மாச விசாரணைக்குள்ள எனக்கு ஒரு போட்டியாளர் வேணும்யா" என்றார் முதலாளி.

சட்ட மேலாளர் தலையைச் சொறிந்தார். ஊரில் எந்தக் கைபேசியில் வழி கேட்டாலும் இந்தக் கம்பெனியின் செயலிதான் சொல்லும். போட்டியே இல்லாமல் செய்துவிட்டார்கள் என்று அரசாங்கம் வழக்குப் போட்டிருந்தது. தோற்றால் நேரே வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி அவரிடம் அன்பாகச் சொல்லியிருந்தார்.

"மூணு போட்டிக் கம்பெனி இருந்துச்சு சார்."

"கூப்பிடு."

"மூணையும் நாமதான் வாங்கி இழுத்து மூடினோம்."

"என்னை ஏன்யா யாருமே தடுக்கல?"

தடுத்தவரைத்தான் முதலில் வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். அதை எடுத்துச் சொல்ல சட்ட மேலாளருக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது?

தேடித் தேடி, சைக்கிள் கடை மாடியில் ஒருவரைக் கண்டுபிடித்தார். ஓர் அறை, ஒரு மின்விசிறி, ஏறக்குறைய யாருமே பயன்படுத்தாத ஒரு வழிகாட்டும் செயலி.

மாடிக்காரர் முகம் மலர்ந்தது. "விலை பேச வந்தீங்களா சார்?"

"ஐயய்யோ, இல்ல! நீங்க நல்லா இருந்தா போதும்."

மாடிக்காரர் முகம் சுருங்கியது. "அப்ப மூடிடலாம்னு பாக்குறேன்."

"மூடிடாதீங்க! எங்க கம்பெனியே உங்களை நம்பித்தான் இருக்கு!"

அந்தச் செயலிக்கு உயிர் கொடுக்க, தன் அலுவலகத்தில் எல்லோரும் ரகசியமாக அதைக் கைபேசியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சட்ட மேலாளர் உத்தரவு போட்டார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது. சொந்தக் கம்பெனியின் செயலி, காசு கொடுத்த கடைகளின் வாசல் வழியாகவெல்லாம் ஆளைச் சுற்றவிட்டுத்தான் வீடு சேர்க்கும். இது நேராகக் கொண்டுபோய் விட்டது. ஊழியர்கள் மனைவியிடம் சொன்னார்கள், மனைவிகள் அண்ணன் தம்பிகளிடம் சொன்னார்கள். முதலாளியின் மாப்பிள்ளையே கட்சி மாறிவிட்டார்.

"போட்டி கேட்டேன், எமனையா கேட்டேன்?" என்று குதித்தார் முதலாளி.

"கேஸ் முடியற வரைக்கும் பல்லைக் கடிச்சிக்கங்க சார்."

கடித்துக்கொண்டார். ஆனால் கீழ்மாடியில் இருந்த கொள்முதல் பிரிவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. எந்தப் போட்டிக் கம்பெனி வளர்ந்தாலும் உடனே வாங்கிப்போட வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த வேலை. மேல்மாடி பற்றி எரிந்தாலும் குனிந்த தலை நிமிராத உத்தமர்கள்.

விசாரணை நாள் வந்தது. மாடிக்காரர் புதுச் சட்டையில் கூண்டேறினார்.

"நீங்க இவங்களுக்குப் போட்டியா?" என்று கேட்டார் நீதிபதி.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் ஐயா. அப்புறம் என்னை வாங்கிட்டாங்க."

அரசு வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். சட்ட மேலாளருக்கு வேலை கையைவிட்டுப் போவது கண்ணெதிரே தெரிந்தது.

"ஐயா!" என்று துள்ளி எழுந்தார். "இவர் போனா என்ன? இதுக்கு முன்னாடியும் மூணு பேர் துணிஞ்சு வந்தாங்க. இனிமேலும் வருவாங்க. யார் வேணும்னாலும் போட்டிக்கு வரலாம்ங்கறதுக்கு அந்த மூணு பேரே சாட்சி!"

நீதிபதி கூண்டுப் பக்கம் திரும்பினார். "அந்த மூணு பேரை உங்களுக்குத் தெரியுமா?"

மாடிக்காரர் பணிவாகக் கைகட்டிக்கொண்டார். "அந்த மூணும் நான்தாங்க ஐயா. அஞ்சாவதுக்குத்தான் இன்னும் பேர் கிடைக்கல."