யாரும் சண்டைக்கு வராத பிரிவு

தேர்தல் அறிக்கையின் மூன்றாம் பக்கம் நிரம்பி வழிந்தது. ஏழாம் பக்கம் காலியாகக் கிடந்தது. மூன்றில், வேட்பாளர் ஆட்சிக்கு வந்தால் பத்தாயிரம் பேருக்கு அரசு வேலை. ஏழில், 'அரசுச் செலவைக் குறைக்க முதல் கட்டமாக நீக்கப்படும் பணியிடங்கள்' என்று தலைப்பு மட்டும்.

"முந்நூறு இடமாவது காட்டணும். நாலு மணிக்கு அச்சகத்துக்குப் போயிடணும்" என்று வேட்பாளர் காலையிலேயே உத்தரவு போட்டிருந்தார். எழுதிக் கொடுத்ததை மேடையில் கணீரென்று படிப்பார் அவர். படித்தது என்ன என்று அவரிடம் கேட்கக் கூடாது.

பொறுப்பு புள்ளிவிவரத்தின் தலையில் விழுந்தது. தேர்தல் அலுவலகத்தில் அவருடைய பட்டப்பெயர் அது. பதினொரு வருடமாக ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிக ஊழியர். "ஜெயிச்சா உனக்கு நிரந்தர வேலை. நல்ல இடமா பேசி வெச்சிருக்கேன், எங்கன்னு இப்பக் கேக்காதே" என்று வேட்பாளர் சொன்ன நாளிலிருந்து இங்கேயே பழியாய்க் கிடந்தார். அந்த நிரந்தரத்தை நம்பித்தான் மனைவி அவரிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசினாள்.

மேஜையில் அரசின் பணியிடப் புத்தகத்தை விரித்தார். எந்தத் துறையில் எத்தனை இடம் என்று சொல்லும் தடிப் புத்தகம்.

"தண்ணி மீட்டர் பாக்கறவங்க, இருநூறு இடம். எடுத்துடலாமா?"

வேட்பாளரை அழைத்துவரக் கிளம்பிய டிரைவர் வாசலிலேயே நின்றுவிட்டார். காரில் வேட்பாளர் பேசும் போன் அத்தனையும் அவர் காதில் விழும். அந்த மிதப்பு எப்போதும் உண்டு.

"என் மச்சான் அங்கதான் சார் இருக்கான். எங்க வீட்டுல மட்டும் இருபத்திமூணு ஓட்டு. இப்பவே ஆள் பத்தலைன்னு புலம்பறான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருநூறும் பிழைத்தது. கூடவே ஐம்பது புதிய இடங்கள் மூன்றாம் பக்கத்தில் ஏறின.

அடுத்து விருந்தினர் மாளிகைத் தோட்டக்காரர்கள். போஸ்டர் ஒட்டுபவர் பசை வாளியை ணங்கென்று வைத்தார்.

"என் சம்சாரம் வேலையிலயா கை வெக்கறீங்க? அப்ப போஸ்டரை நீங்களே ஒட்டிக்குங்க."

தோட்டக்காரர்களும் தப்பித்தார்கள். சமாதானத்துக்கு இரண்டு மேற்பார்வையாளர்கள் சேர்ந்தார்கள்.

புள்ளிவிவரம் சுதாரித்துக்கொண்டார். ஆளைத் தொட்டால்தானே வம்பு? "அதிகாரிங்க டூரைப் பாதியாக் குறைச்சுடலாம்."

துண்டறிக்கை மடித்துக்கொண்டிருந்த வேட்பாளரின் அக்கா நிமிர்ந்தார். "எங்க வீட்டுக்காரர் மாசத்துல பதினஞ்சு நாள் டூர் போறாரு. அந்தப் பதினஞ்சு நாள்தான் நான் நிம்மதியாச் சாப்பிடறேன். அதுல மண்ணைப் போட்டுடாதே தம்பி."

டூர் இருபது நாளாயிற்று.

இப்படியே துறை துறையாகப் போய், மூன்றரை மணிக்குப் பத்தாயிரம் வேலை பதினோராயிரத்தைத் தொட்டிருந்தது. செலவில் ஒரு குண்டூசி குறையவில்லை. அச்சகத்திலிருந்து போன் மேல் போன். ஏழாம் பக்கம் காலியாகப் போனால் நிரந்தர வேலை அம்பேல். அவர் புத்தகத்தைப் படபடவென்று புரட்டினார்.

அப்போதுதான் புத்தகத்தின் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது.

"பழைய கோப்பு மறுஆய்வுப் பிரிவு. முந்நூத்திப் பன்னெண்டு இடம்."

ஒருவரும் அசையவில்லை. இன்னும் சத்தமாகப் படித்தார். போஸ்டர்காரர் கொட்டாவி விட்டார். அக்காவின் காதருகே போய்ப் படித்தார்.

"அங்க நமக்கு யாரையும் தெரியாதுப்பா."

மச்சானும் இல்லை, சம்சாரமும் இல்லை! புள்ளிவிவரத்துக்குத் தலைகால் புரியவில்லை. பிரிவை அப்படியே ஏழாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டார். 'இழுத்து மூடப்படும். இனி எக்காலத்திலும் இதில் ஒருவர்கூட நியமிக்கப்பட மாட்டார். இது சத்தியம்' என்று சொந்தச் சரக்காகவும் இரண்டு வரி சேர்த்து, நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினார்.

மாலையில் டிரைவர் அச்சடித்த கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார்.

"கூட்டத்துல அண்ணன் படிச்சுட்டாரு சார். அந்தச் சத்தியத்தை ரெண்டு தடவை படிச்சாரு. ஒரே கைதட்டல்!"

"பின்னே? இத்தனை பிரிவுல அதுக்கு மட்டும்தான் யாருமே சண்டைக்கு வரலை" என்றார் புள்ளிவிவரம், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆள் இருந்தாத்தானே சார் சண்டைக்கு வர்றதுக்கு? மொத்தமும் காலி இடம். அதனாலதானே அண்ணன் உங்க வேலையை அங்க பேசி வெச்சிருந்தாரு!"