இன்னும் ஒரு கால் சுத்து

எட்டாவது சொட்டு விழுந்தபோது மணி ஏழே கால். வண்டிக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளில், மாலை போட்டுக்கொண்டு சிரித்த ஒரு பெரிய மனிதரின் மூக்கு நுனியில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

"நிமிஷத்துக்கு ஒண்ணு" என்றார் சொட்டு சார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

சொட்டு சார் என்பது அவர் பெயரல்ல. ஊரில் எந்தத் தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும் அந்தப் புகார் வந்து சேரும் மேஜை அவருடையது. பதினெட்டு வருஷமாக ஊர் ஒழுகலை எல்லாம் கவனித்துக்கொண்டவரின் சொந்த மோட்டார் சைக்கிள், வீட்டு முன்பக்கத்து வெள்ளை டைல்ஸில் கறுப்புக் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. தெரு சும்மா இருக்குமா? பெயர் வைத்துவிட்டது.

அதுவாவது பரவாயில்லை. நேற்று அவர் குளியலறையில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி போனில் பேசியது காதில் விழுந்தது.

"பழைய இரும்புக்காரர்தானே? ஆமாங்க, அந்த வண்டி விஷயமாத்தான். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துடுங்க. வண்டி வாசல்லயேதான் நிக்கும். எவ்வளவுன்னாலும் சரி, முடிச்சுடலாம். அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

சோப்பு நழுவி விழுந்தது. எவ்வளவுன்னாலும் சரியாமே! கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்னால் வாங்கிய வண்டி. முதன்முதலாக அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனதும் அதில்தான். அதை எடைக்குப் போடப் போகிறாள்! அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணில் சோப்பு போனதாகச் சொல்லிச் சமாளித்தார்.

நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் நேராகக் கேட்டு ஜெயித்த வழக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் வேறு வழி பிடித்தார். வண்டி மேல் அவளுக்கு இருக்கும் ஒரே குற்றச்சாட்டு ஆயில். ஆறு மணிக்குள் ஒழுகல் நின்றுவிட்டால், எந்த முகத்தோடு விற்பாள்?

மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"இன்ஜின் கவரைச் சுத்தி எட்டு போல்ட் இருக்கும் சார். எதிரெதிரா பிடிச்சு, ஒவ்வொண்ணையும் கால் சுத்து இறுக்குங்க. கால் சுத்துதான். போல்ட் இரும்பு, இன்ஜின் அலுமினியம். இன்ஜின்ல போல்ட் பிடிக்கிற மரை போச்சுன்னா போனதுதான், அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் பிடிக்க வைக்க முடியாது."

"கால் சுத்துதானே? அதெல்லாம் தெரியும்ப்பா."

எட்டு போல்ட்டையும் கால் சுத்து இறுக்கினார். பிறகு செய்தித்தாளை மாற்றிவிட்டுக் காத்திருந்தார். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு சொட்டு!

அவர் முகத்தில் தெரிந்த ஆனந்தத்தைப் பார்த்து எதிர்வீட்டு டெய்லர் இறங்கி வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"பாதி நின்னுடுச்சு டெய்லர்! வெறும் கால் சுத்துல!"

"அப்ப இன்னும் ஒரு கால் சுத்து போட்டா மீதியும் நின்னுடும்ல?" என்றார் டெய்லர்.

கணக்கு என்று பார்த்தால் கணக்குதான். இன்னும் ஒரு கால் சுத்து. இப்போது கீழே ஒழுகவில்லை, மேல் பக்கமிருந்து வழிந்தது. மேல் பக்கத்துக்கு ஒரு கால் சுத்து. வலப்பக்கம் கசிந்தது. வலப்பக்கத்துக்கு ஒன்று. ஆயில் கவரைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடியது, சொட்டு சார் ஸ்பானரோடு துரத்தினார்.

"துணி ஒரு பக்கம் சுருங்குனா மறுபக்கம் இழுத்துக் கொடுக்கணும் சார். தொழில் எல்லாம் ஒண்ணுதான்" என்றார் டெய்லர்.

பத்து மணிக்கு மனைவி டீயோடு வந்தாள். எண்ணெய்க் கையும் சிவந்த முகமுமாக இருந்தவரைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ஐயையோ, என்னங்க பண்றீங்க? இன்னிக்கு ஒரு நாள் அதை விட்டுடுங்களேன்! சாயங்காலம் வரைக்கும் அதுல கையே வைக்காதீங்க."

"ஏன்? சாயங்காலம் என்ன?"

"ஒண்ணுமில்ல." மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். உதட்டோரத்தில் சிரிப்பு வேறு.

சிரிக்கிறாள்! சொட்டு சாருக்கு வயிறு எரிந்தது. ஒழுகல் நின்றுவிடுமோ என்று பயம் வந்துவிட்டது இவளுக்கு. அவள் உள்ளே போனதும் டெய்லர் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுல இரும்புக் குழாய் ஏதாவது இருக்கா?"

டெய்லர் திரைச்சீலை தொங்கவிடும் குழாயைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். அதை ஸ்பானரின் வாலில் மாட்டினால் பிடி மூன்றடி நீளமாகிவிடும். சொட்டு சார் ஒரு முனையில் தொங்கினார். டெய்லர் வண்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"கால் சுத்து!" என்றார் சொட்டு சார்.

"கால் சுத்து!" என்றார் டெய்லர்.

கிர்ர்ர் என்று ஒரு சத்தம். பிறகு ஸ்பானர் சல்லென்று சுற்றியது. எந்தப் பிடிவாதமும் இல்லாமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்றுகிற அளவுக்கு அந்த போல்ட்டுக்கு நல்ல குணம் வந்துவிட்டது.

"பாருங்க, எவ்வளவு லேசா சுத்துது!" என்று டெய்லர் வியந்தார்.

சொட்டு சார் மெக்கானிக்குக்கு மறுபடி போன் போட்டார்.

"எவ்வளவு சார் சுத்துனீங்க?"

"நீ சொன்ன மாதிரி கால் சுத்துதான்ப்பா."

"எத்தனை தடவை?"

சொட்டு சார் போனை வைத்துவிட்டார்.

மரை போன ஒன்றின் பாரத்தை மற்ற ஏழும் தாங்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆகவே ஏழையும் இறுக்கினார்கள். மதியத்துக்குள் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் மரை போயிற்று. அந்த ஒன்றின் தலையும் உடைந்து டெய்லரின் சட்டைப் பைக்குள் விழுந்தது. அதைத் தேடிப் பத்து நிமிஷம் இருவரும் தரையில் தவழ்ந்தார்கள். இப்போது ஒழுகலை எண்ண முடியவில்லை. சொட்டு என்பது விட்டு விட்டு விழுவது. இது கோடு.

"சோப்பு!" என்றார் டெய்லர்.

சோப்பைப் பிசைந்து கவர் இடுக்கெல்லாம் அப்பினார்கள். ஆயில் நுரைத்துக்கொண்டு வந்தது. அதன் மேல் பள்ளிக்கூடப் பசை. பசைக்கு மேல் டெய்லரின் நாடாவால் மூன்று சுற்று. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். காலில் அடிபட்டுக் கட்டுப் போட்ட ஆளைப் போல வண்டி நின்றது. கட்டையும் மீறி ஆயில் வந்தது.

மணி ஐந்து. சொட்டு சார் டைல்ஸில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு டெய்லர். நானே கொன்னுட்டேன். ஒழுகினாலும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

டெய்லர் மோவாயைச் சொறிந்தார். "சார், உள்ள ஆயில் இருந்தாத்தானே வெளியில வரும்?"

சொட்டு சார் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து டெய்லரைக் கட்டிப்பிடித்தார், எண்ணெய்க் கையோடு.

ஆயில் மாற்றுவதற்கென்று அடியில் இருந்த தனி போல்ட்டைக் கழற்றி, மிச்சமிருந்த ஆயில் முழுவதையும் பழைய வாளியில் வடித்தார்கள். வாளி டெய்லர் வீட்டுக் கட்டிலடிக்குப் போயிற்று. நாடாவை அவிழ்த்து, பசையைச் சுரண்டி, பிடிக்காத போல்ட்டுகளை அழகுக்காகச் செருகி வைத்தார்கள். புதுச் செய்தித்தாள் விரித்தார்கள். ஐந்தரைக்கு ஒரு சொட்டு இல்லை. ஐந்தே முக்காலுக்கும் இல்லை!

மனைவி வெளியே வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். சொட்டு சார் செய்தித்தாளை வெற்றிப் பத்திரம் போலத் தூக்கிக் காட்டினார்.

"பார்த்துக்கோ. ஒரு சொட்டு கிடையாது."

அவள் முகம் அப்படியே வாடிவிட்டது. "நின்னுடுச்சா? நிஜமாவா? அதுவும் இன்னிக்குப் போயா நிக்கணும்!"

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. இவ்வளவு ஆசையா விற்பதில்?

"ஏன், உனக்கு வருத்தமா?"

"சேச்சே, இல்லீங்க. நல்லதுதான்." சமாளித்துக்கொண்டாள். "அப்போ ஸ்டார்ட் பண்ணுங்க, முக்கு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

சொட்டு சார் டெய்லரைப் பார்த்தார். டெய்லர் வானத்தைப் பார்த்தார். ஆயில் இல்லாத இன்ஜினை ஓட்டினால் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும் என்பது சொட்டு சாருக்கும் தெரியும்.

"பெட்ரோல் கம்மியா இருக்கும்மா."

"நேத்துதானே போட்டீங்க?"

பெட்ரோல் குழாயை நைசாக மூடினார். சும்மா இரண்டு உதை உதைத்துவிட்டு, கிளம்பவில்லை என்று கையை விரித்துவிடலாம் என்பது திட்டம். கிக்கரில் காலை வைத்து முதல் உதை உதைத்தார். பூப்போலத்தான் உதைத்தார்.

டங்!

கவர் கிக்கரோடு சேர்ந்து கழன்று, டைல்ஸில் விழுந்து, ஒரு வட்டம் உருண்டு, அவள் காலடியில் படுத்தது. செருகி வைத்த போல்ட்டெல்லாம் நாலா பக்கமும் சிதறின. இன்ஜினின் வயிறு திறந்து, பல் சக்கரமெல்லாம் தெரிந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து, தலையில் துண்டும் தோளில் கனத்த கோணியுமாகப் பழைய இரும்புக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

சொட்டு சார் பாய்ந்து போய் வண்டியின் டேங்க்கைக் கட்டிக்கொண்டார்.

"தொடாதீங்க! ஒழுகட்டும், ஓடாம நிக்கட்டும், குப்பையாவே கிடக்கட்டும், இதை நான் விக்க மாட்டேன்! போன்ல பேசுனதெல்லாம் எனக்குத் தெரியும்!" என்று கத்தினார். மனைவி பக்கம் திரும்பினார். "எப்படிம்மா உனக்கு மனசு வந்துச்சு?"

மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டு, காலடியில் கிடந்த கவரையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இரும்புக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோளிலிருந்த கோணியை இறக்கி, உள்ளே துணி சுற்றி வைத்திருந்த பளபளவென்ற இன்ஜின் கவர் ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"மூணு வாரம் அலைஞ்சு, சாருக்குத் தெரியாமத் தரணும்னு நீங்க கேட்ட கவரைக் கொண்டாந்துட்டேம்மா, இதை மாட்ட வேண்டிய இன்ஜின் மரையில மட்டும் இதுவரைக்கும் யாரும் கை வைக்கலையே?"