பேச முடியாமல் போனால்

“இங்க ‘மருத்துவ’ன்னு ஒரு வார்த்தை வரணும் அண்ணே,” என்றார் சபாபதி. மலேசியாவில், கிள்ளான் நகரில் மனு டைப் அடித்துக் கொடுப்பவர். “‘மருத்துவ முடிவு’ன்னு போட்டாத்தான் சரியா வரும்.”

“எனக்கே தமிழ் கத்துக் குடுக்கிறியா? முடிவுன்னா முடிவுதான். அடி.”

வேலாயுதம் ஓய்வு பெற்ற ரயில்வே கிளார்க். பன்னிரண்டு வருடமாகக் கோயில் கமிட்டித் தலைவர். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் கமிட்டியில் வேறு யாரும் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. சிநேகிதர் ஒருவர் வாயிலும் மூக்கிலும் குழாயோடு இரண்டு மாதம் கிடந்து செத்ததைப் பார்த்தபின், தன் சாவும் தன் உத்தரவுப்படிதான் நடக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது அவருக்கு.

‘என்னால் பேச முடியாத நிலை வந்தால் குழாய், மெஷின் எதுவும் வேண்டாம். என் சார்பில் எல்லா முடிவுகளையும் என் மனைவி நல்லம்மாள் எடுப்பார்.’

பத்து நகல். கமிட்டிக் கூட்டத்தில் அதை மைக்கில் இரண்டு முறை வாசித்தார். நல்லம்மாளைப் போட்டதற்குக் காரணம், முப்பத்தைந்து வருடத்தில் அவள் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல இடைவெளி கிடைத்ததில்லை என்பது அவர் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த மாதம் தொண்டை கம்மியது. குரல் நாணில் சின்னக் கட்டி. கிளினிக்கில் மயக்க ஊசி போட்டு எடுத்தார்கள். கண் விழித்தபோது நல்லம்மாள் டாக்டர் சீட்டைக் காட்டினாள். ‘30 நாள் பேசக் கூடாது.’

“மீறிப் பேசினா குரல் மொத்தமா போயிருமாம்.”

பதினெட்டாம் நாள் கமிட்டித் தேர்தல். அவரும் நிற்கிறார்.

வீடு திரும்பிய அன்று மாலை கஞ்சி வந்தது. நோட்டுப் புத்தகத்தில் ‘ஆட்டுக்கறி’ என்று எழுதிக் காட்டினார்.

“கஞ்சிதான். முடிவு நான் எடுக்கணும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க.”

ஒரு வாரத்தில் அவருடைய வெஸ்பா ஸ்கூட்டர், நல்லம்மாளின் முடிவுப்படி, பக்கத்து ஊரான மேருவில் இருக்கும் அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டது. பக்கம் கிழியும்படி எழுதினார்: ‘எனக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது. எழுதுகிறேனே, தெரியவில்லையா?’

“பேச முடியாட்டின்னுதான் பேப்பர்ல இருக்கு. எழுத முடியாட்டின்னு இல்லையே.”

பஸ் பிடித்து சபாபதியிடம் ஓடினார். ‘மருத்துவ என்ற வார்த்தையைச் சேர்.’

சபாபதி நோட்டை இரண்டு தடவை படித்தார். “சேர்க்கலாம் அண்ணே. ஆனா அதுவும் ஒரு முடிவு லா. அக்கா வந்து சொல்லணும்.”

தேர்தலன்று நோட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். நல்லம்மாள் எழுந்தாள். “இவருக்கு உடம்பு சரியில்ல. போட்டியிலேர்ந்து இவரை விலக்கிக்கிறேன்.”

செயலாளர் தம்புசாமி நகலை எடுத்துப் பார்த்தார். “செல்லும். தலைவரே மைக்கில வாசிச்சதுதானே. ரெண்டு தடவை.”

வேலாயுதம் வாயைத் திறந்தார். பதவியா, குரலா? குரல் போனால் பதவி எதற்கு? மூடிக்கொண்டார். தம்புசாமி தலைவரானார். வடை ஆறுவதற்குள் கூட்டம் முடிந்தது கோயில் சரித்திரத்தில் அன்றுதான். சிலர் மேலே பார்த்துக் கும்பிட்டார்கள்.

போன பதவி போகட்டும், குரல் இருந்தால் மகாசபையைக் கூட்டி எல்லாரையும் கிழித்துவிடலாம் என்று மிச்ச நாள்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தார். முப்பத்தோராம் நாள் கிளினிக் கதவு திறக்குமுன்னே போய் நின்றார். நர்ஸ் மார்க்கிரட்டிடம் சீட்டையும் நோட்டையும் நீட்டினார். ‘இன்றிலிருந்து பேசலாமா?’

மார்க்கிரட் சீட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“அங்கிள், டாக்டர் எழுதினது மூணு நாள்தான். நீங்க மயக்கத்துல இருந்தப்போ, உங்க முடிவெல்லாம் இனி அவங்களோடதுன்னு ஒரு பேப்பரைக் காட்டி, மூணுக்குப் பக்கத்துல ஒரு முட்டை போட்டது ஆன்டி.”