ஈஸ்ட்டை நம்பித் தாம்பூலம் வைத்தவன் மச்சானுக்கு எழுதியது

உ

குரும்பலூர்,
வெள்ளிக்கிழமை

மீன்சுருட்டியில் மானத்திலும் மரியாதையிலும் ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்துவரும் மச்சான் இளையபெருமாள் அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி அம்பிகாவின் வீட்டுக்காரன் செல்லக்கண்ணு கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், மாடு கன்று நலம், காட்டில் சின்ன வெங்காயம் நலம். அம்பிகாவும் நலமாகத்தான் இருக்கிறாள், ஆனால் அப்படி எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அங்கே நீங்களும் அக்காவும் முந்திரித் தோப்பும் நலமா என்று கேட்கப் போன் போட்டால் என் நம்பரை நீங்கள் அடைத்து வைத்திருக்கிறீர்கள். உங்க தங்கச்சியைப் பேசச் சொன்னேன். "நீங்க வச்ச வெனைய நீங்களே எடுங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். அதனால் இந்தக் கடுதாசி.

விசயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வர்ற ஆவணியில் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் உங்க மருமக, என் மக வேணிக்குக் கல்யாணம். தாய்மாமன் என்று உங்க பேரைப் பெரிய எழுத்தில் போட்ட பத்திரிகையை உங்க கூட்டாளி அமாவாசை கையில் பார்த்தீர்களாம். அமாவாசைக்குத் தாம்பூலம் வைத்தவன் எனக்கு வைக்கவில்லை, இனி அந்தக் கல்யாணத்தில் பெண் நெற்றியில் பட்டம் கட்ட என்னை எதிர்பார்க்காதே என்று சொல்லிவிட்டீர்களாம். மச்சான், கோபப்படாமல் முழுசாகப் படிங்க. செய்தது நான்தான். செய்யச் சொன்னது ஈஸ்ட்.

எப்படி என்றால், நிச்சயத்தன்று பந்தியில் சம்பந்தி நடராசன் என் பக்கத்தில் உட்கார்ந்து, பெண் திருச்சியில் என்ன வேலை பார்க்கிறது என்று கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? மருந்து கண்டுபிடிக்கிறது என்று சொல்லி வைத்தேன். எந்த வியாதிக்கு என்றார். வாயில் வடை இருந்தது, யோசிக்க நேரமில்லை, எல்லாத்துக்கும் என்றேன். மறுநாளிலிருந்து அவருடைய மூட்டு வலி, அவர் அண்ணனுடைய சர்க்கரை, அவர்கள் வீட்டு எருமைக்குப் பால் வற்றியது எல்லாம் எனக்குப் போனில் வர ஆரம்பித்தது. இது தாங்காது, நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று வேணியின் மேடத்துக்கு ஒரு பை வெங்காயம் கட்டிக்கொண்டு திருச்சி பஸ்ஸில் ஏறினேன். பாடாலூர் தாண்டினதும் பை கிழிந்து வெங்காயம் டிரைவர் காலடி வரைக்கும் உருண்டது. பஸ்ஸே குனிந்து பொறுக்கியது. ஏறும்போது இருந்ததைவிட இறங்கும்போது பை இளைத்திருந்தது, அதை விடுங்க.

வேணி எனக்கு ஒரு வெள்ளை அங்கியை மாட்டி ஆராய்ச்சிக் கூடத்துக்குள் கூட்டிப்போனாள். உள்ளே போனால் பேக்கரி வாசனை. கண்ணாடிக் குடுவைகள் ஒரு மெசின்மேல் சாமி வந்தது போல ஆடிக்கொண்டிருக்கின்றன. பன்னுக்குப் போடுகிற அதே ஈஸ்ட்டுதானாம். இதற்கா இத்தனை வருசம் படித்தாய் என்று கேட்டேன்.

"பன்ன வுடுப்பா. ஒரு ஈஸ்ட்டுக்குள்ள ஆயிரக்கணக்குல புரதம் இருக்கு. பெரும்பாலும் எதுவும் தனியா வேல பாக்காது. சேந்து கூட்டமா நின்னாத்தான் வேல நடக்கும். எது எதோட சேருதுன்னு பாக்கறதுதான் எம் பொழப்பு" என்றாள்.

பருப்பில் இருக்கிற புரதம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது உள்ளே உட்கார்ந்து பண்ணுகிற வேலையைக் கேட்டால் அசந்து போவீங்க மச்சான். பழசாகிப் போனதை உள்ளே தள்ளிப் பொடிப்பொடியாக நறுக்குவதற்கென்றே ஒரு கூட்டம் பீப்பாய் மாதிரி வட்டமாகக் கைகோத்து நிற்கிறதாம். அதில் ஒருத்தனைத் தனியாகக் கூப்பிட்டு நறுக்குடா என்றால் முழிப்பானாம். சில பேர் இரண்டு மூன்று கூட்டத்திலும் இருப்பார்களாம். நம்ம ஊர் இராமலிங்கம் காலையில் பந்தல் போட்டு, மத்தியானம் பந்தி பரிமாறி, சாயங்காலம் மைக்செட்டில் பாட்டுப் போடுவான் இல்லையா, அந்த மாதிரி. கண்ணுக்கே தெரியாத ஒரு பொட்டுக்குள்ளே ஒரு கல்யாண வீடே நடக்கிறது, நாம் அதை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருக்கிறோம்.

யார் யாரோடு சேர்த்தி என்று கண்டுபிடிக்கிற வழியைக் கேட்டபோதுதான் எனக்குப் புல்லரித்தது. ஒரு புரதத்துக்கு மட்டும் வால் ஒன்று கட்டிவிடுகிறார்கள். அந்த வால் போய் ஒட்டிக்கொள்கிற மாதிரி கடுகிலும் சின்ன மணிகள் வைத்திருக்கிறார்கள். ஈஸ்ட்டை உடைத்துச் சாற்றை மணிமேல் ஊற்றினால் வால்காரன் ஒட்டிக்கொள்கிறான், அவன் கையைப் பிடித்திருந்தவன் எல்லாம் கூடவே வந்துவிடுகிறான். ஒருத்தனை இழுத்தால் கூட்டமே வரும். திரும்பி வரும்போது பஸ்ஸில் சீட்டு இருந்தும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றுகொண்டே வந்தேன்.

நம்ம பக்கத்தில் புருசன் பொஞ்சாதி இரண்டு பேருமாக வாசல் ஏறி, தட்டில் வெற்றிலை பாக்கு பத்திரிகை வைத்து நீட்டினால்தான் அழைப்பு. எத்தனை வாசல், எத்தனை காபி. இதை ஈஸ்ட் முறையில் செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றிவிட்டது. அம்பிகா சேலை எடுக்க வேணியோடு போயிருந்த நாளாகப் பார்த்து, கூட்டத்துக்கு ஒருத்தனாகத் தேடித் தேடித் தாம்பூலம் வைத்து வால் கட்டினேன். டீக்கடைக் கூட்டத்துக்கு டீ மாஸ்டர். பால் சொசைட்டிக் கூட்டத்துக்கு செக்ரட்டரி. மீன்சுருட்டிக்கு அமாவாசை. ஏன் அமாவாசை என்று நீங்க கேக்கலாம். சீட்டாட்டமானாலும் சாவு வூடானாலும் ஒங்கள அமாவாசை இல்லாம யாரும் பாத்ததில்ல. ரெண்டு பேருக்கும் ஒரே வண்டி. யாருக்கு வால் கட்டினா என்ன, இழுத்தா ரெண்டு பேருந்தான வரப்போறீங்க? அதுவுமில்லாம அவரு வூடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். ஒங்க வூட்டுக்கு இன்னும் நடக்கணும். அன்னைக்கு வெயில்.

ஒரே நாளில் முடித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீக்கடைக்குப் போனால் பெஞ்சிலிருந்து ஒவ்வொருத்தராக எழுந்து போகிறார்கள். மாஸ்டர் சர்க்கரை போடாமல் டீ கொடுக்கிறார். பால் சொசைட்டியில் என் பாலுக்கு மட்டும் தண்ணீர்ச் சந்தேகம் வருகிறது. அமாவாசை அன்று சாயங்காலமே பத்திரிகையை உங்க முன்னால் விரித்து, "ஏன்டா, தாய்மாமனுக்குத் தட்டு வைக்கலயா? எனக்கு வச்சுட்டுப் போயிட்டாரே" என்று கேட்டாராமே. அதை அவரே போன் போட்டு எனக்குச் சொன்னார், சந்தோசமாகச் சொன்னார்.

பதறிப்போய் வேணிக்குப் போன் பண்ணினேன். உன் ஈஸ்ட் என்னை ஏமாற்றிவிட்டது என்றேன். முதலில் சிரித்தாள். உப்பு அதிகமாகப் போட்டு அலசினால் கையைப் பிடித்திருப்பவன்கூட விட்டுவிடுவானாம், அமாவாசை வாயில் இருப்பது அந்த உப்பாம். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"ஊரு ஒலகத்துக்கு எப்படியோ பண்ணிக்க. எம் மாமாவுக்காப்பா இப்பிடிப் பண்ணுன?"

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். அந்தப் பீப்பாய்க் கூட்டத்தைத்தான் நெனச்சிக்கிட்டே கெடக்கேன். மேளம் ஒரு பக்கம், மால ஒரு பக்கம், தாலி ஒரு பக்கம். தாய்மாமன் வந்து நெத்தியில பட்டத்தக் கட்டினாத்தான எல்லாம் கைகோத்து ஒரு கல்யாணமா நிக்கும்? நீங்க ஒருத்தர் இல்லேன்னா அம்புட்டுப் பேரும் தனித்தனியா முழிப்பாங்க. நீங்க வராம இந்தக் கல்யாணம் நடக்காது. இது நான் சொல்லல, பெரிய பெரிய ஆளுங்க குடுவைய ஆட்டிப் பாத்துச் சொன்னது.

அக்காவுக்கு என் கும்பிடு. தோப்பில் முந்திரி காய்த்துக் குலுங்கவும், கிணற்றில் தண்ணீர் ஊறவும், உங்க கோபம் மட்டும் வற்றவும் கலியுக வரதராசப் பெருமாள் துணையிருப்பாராக.

இப்படிக்கு,
வாசல் ஏற மறந்த உங்க மாப்பிள்ளை,
செல்லக்கண்ணு

பின்குறிப்பு: தபாலில் போட்டால் தாமதமாகும், வேறு ஆள் கையில் கொடுத்தனுப்பினால் மறுபடி அதே தப்பு என்று அம்பிகா சொல்லிவிட்டதால் நானே கொண்டுவந்திருக்கிறேன். ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறும்போது வேணி இதை வாங்கிப் படித்துவிட்டு, கடைசியில் எழுதியது தப்பு என்கிறாள். ஈஸ்ட்டில் முக்கால்வாசிப் புரதத்தில் எந்த ஒன்றை எடுத்தாலும் ஈஸ்ட் சாகாதாம். சிலதுக்கு அதே சாயலில் ஒரு பங்காளி இருந்து, அந்த இடத்தில் வந்து நின்றுகொள்ளுமாம். ஆகவே நீங்க வராவிட்டாலும் கல்யாணம் நடந்துவிடும். உங்க பெரியப்பா மகன் பரணிதரன், அவரும் மாமன் முறைதானே, பட்டம் கட்ட ரெடி என்று சொல்லிப் பட்டு வேட்டிகூட எடுத்துவிட்டார். இதை எழுதலாமா என்று வேணியைக் கேட்டேன். "எழுதிக்கப்பா. ஆனா பரணி மாமாகிட்ட நெத்தியக் காட்ட மாட்டேன்னும் எழுது. எம் மாமா கட்டலன்னா வெறும் நெத்தியோட உக்காந்துக்கறேன்" என்கிறாள். அக்கா இந்தக் கடுதாசியை உங்ககிட்ட கொண்டுவர கேட் கம்பிச் சந்தில் கை நீட்டிக்கிட்டு நிக்குது. நாங்க வெளியதான் நிக்கிறோம், புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும். தட்டு வேணி கையில இருக்கு. நாயக் கட்டுங்க மச்சான்.