‘வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்

திருவொற்றியூர்,
ஞாயிற்றுக்கிழமை

என் செல்ல மகள் வினிதாவுக்கு நைனா பொன்னுரங்கம் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நம் தெருக் கொசுக்களும் சுகம். பெங்களூரில் நீயும் உன் ஆபீஸ் கம்ப்யூட்டரும் சுகமாக இருக்க வடிவுடையம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் நடுநடுவே சிரிப்பாய், அதனால்தான் கடிதம்.

ரிட்டயர் ஆன கையோடு ஆரம்பித்த கேரம் மன்றத்தை மாதச் சந்தாவில் நடத்துகிறேன் அல்லவா? ‘நைனா, மாச ஆரம்பத்துல இருந்தவங்கள்ல எத்தினி பேரு கடைசில வுட்டுப் போய்ட்டாங்கன்னு பாரு. புதுசா சேந்தவங்கள அதுல கலக்காதே. பாதிக்கு மேல போய்ட்டிருந்தா மூடிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க’ என்றாய். இப்படிப் போனவர் கணக்குக்கு உங்கள் ஆபீஸில் ‘சர்ன்’ என்று பேராம். உன் பத்தாவது மாடி வீட்டில் நானும் அம்மாவும் லிப்ட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பயந்துகொண்டேதான் நோட்டைப் பிரித்தேன். ஆனால் கணக்குப் போட்டால் பூஜ்யம்! ஒருவர்கூடப் போகவில்லை! ‘அது எப்படி நைனா, எங்க கம்பெனிக்கே வராதே’ என்று நீயே அசந்துபோனாய். அந்தப் பெருமையில் அன்று வஞ்சிரம் இரண்டு துண்டு கூடுதலாக உள்ளே போனது.

மறுநாள் மன்றத்தைத் திறந்தால் போர்டு மேல் பூனை தூங்குகிறது. ஆளைக் காணோம். அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் யார் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்? எல்லோரும் ‘வரேன் அண்ணாத்த’ என்றுதான் போனார்கள். நானும் அதை நம்பி அத்தனை பேரையும் இருப்பவர் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

சரி, நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று ஸ்கூட்டரை எடுத்தேன். முதலில், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றும் துரையின் வீடு. அவன் சம்சாரம் சொக்கம்மாள் கதவைத் திறந்தாள். நான் ஆபீசர் முகத்தை வைத்துக்கொண்டு, ‘ஏம்மா, துரை போய்ட்டானா? எப்ப போனான்? தேதி சொல்லு, எழுதிக்கணும்’ என்றேன். அவ்வளவுதான். மார்க்கெட்டிலிருந்து சேதி கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்து, ‘ஐயோ, காத்தால நல்லாத்தானே கெளம்பிச்சி எங்கூட்டு ஆளு!’ என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ‘மன்றத்த வுட்டுப் போய்ட்டானான்னுதாம்மா கேட்டேன்’ என்று நான் கத்துகிறேன், ‘நம்மள வுட்டுப் போய்ட்டான்’ என்று அது அடுத்த தெருவுக்குப் போய்ச் சேருகிறது. இரும்புச் சத்தத்தில் துரை போனை எடுக்கவில்லை. நம் பழைய சந்தாக்காரன் உதயா மாலையோடு ஓடி வந்துவிட்டான். சாவு மேளக்காரர்கள் மேளத்தைத் தீயில் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து வெங்காயப் பக்கோடாப் பொட்டலத்தோடு துரை வந்து நிற்கிறான். ‘இன்னா கூட்டம்? யாரு பூட்டாங்கோ?’ என்றான். ‘நீதான் பூட்ட’ என்றான் உதயா. சொக்கம்மாள் பாய்ந்துபோய் முதலில் அவனை ஓர் அடி அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். பொய் சொல்வானேன், எனக்கும் கண் கலங்கிவிட்டது.

சுற்றிப் பார்த்தால், கூடியவர்களில் முக்கால்வாசி ‘வரேன்’ என்று சொல்லிவிட்டு வராத நம் மன்றத்து ஆட்கள். ‘வாங்கின மாலைய இன்னா பண்றது?’ என்றான் உதயா. ‘என் கய்த்துலயே போடு மாமு. ரெண்டு ஆட்டம் ஆடினா திருஷ்டி பூடும்’ என்றான் துரை. மாலையோடு அவன் முன்னே நடக்க, மேளம் பின்னே முழங்க, தெருவே மன்றத்துக்குள் வந்துவிட்டது. பூனை இடத்தைக் காலி செய்தது. சொக்கம்மாள் முதல் ஆட்டத்திலேயே சிவப்புக் காயைக் குழியில் தள்ளி, அடுத்த அடியில் அதற்குத் துணைக்காயான பாலோவும் போட்டாள். டீ கொண்டுவந்த உன் அம்மா, ‘பொம்பளிங்களுக்குத் தனி போர்டு ஒண்ணு போட்டா இன்னா?’ என்று கேட்டுக்கொண்டே தானும் உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்து எத்தனை நாளாயிற்று! கிளம்பும்போது எல்லோரும் சொன்னது ‘வரேன்’தான்.

ஆகவே இனிமேல் நான் கறார். ‘வரேன்’ என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் தலைகாட்டாதவர் போனவரே. இந்தக் கணக்கில் போன மாதம் பாதியைத் தாண்டிவிட்டது, மறைக்கவில்லை. இந்த மாதமும் தாண்டினால் பெட்டி கட்டுகிறோம், சத்தியம்.

நேரத்துக்குச் சாப்பிடு. லிப்ட் பழுதாகாமல், நோய் நொடி இல்லாமல் நீ நூறு வயது இருக்க, கேரம் பவுடர் படிந்த கையாலேயே ஆசீர்வதிக்கும்,
உன் நைனா.

பி.கு.: கடிதத்தைப் படித்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ‘போன பொங்கலுக்கு சென்ட்ரல்ல ரயிலு ஏறச்சொல்லோ நம்ம பொண்ணு இன்னா சொல்லிச்சி?’ ‘வரேன் நைனா’ என்றுதானே சொன்னாய். கறார்க் கணக்குப்படி உன்னைப் போனவர் பக்கத்தில் எழுத வேண்டும். கை வரவில்லை. விதியை ரத்து செய்துவிட்டேன். ‘வரேன்’ என்றவர் எல்லோரும் இருப்பவரே. சர்ன் பூஜ்யம். ஆகவே நாங்கள் பெங்களூர் வருவதற்கில்லை. நீ வா.